சூட்டுக்கைக்காரி வாங்கிய மெஷின்

பத்தொன்பது வருஷம் ஒரே மேஜை முன்னால் நின்று துணி தேய்த்தவளுக்கு மெஷின் வாங்கத் தெரியாது என்று சொன்னவர்கள் ஐந்து பேர். அதில் நான்கு பேரை விட்டுவிடலாம். அவர்கள் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்தாவது ஆள் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. நாத்தனாரை விட முடியாது. அடுத்த தெருவில் இருக்கிறார், தினமும் வருகிறார், வந்தால் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் சூட்டுக்கை. இஸ்திரிப் பெட்டிக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுவாள். அந்தச் சூடு எந்தத் துணிக்கு ஆகும், எதைக் கருக்கும் என்று அந்தக் கை சொல்லிவிடும். கருகியது என்று அவள் மேஜைக்கு ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்கள் பெட்டியைச் சூடேற்றிவிட்டு, "சூட்டுக்கைக்கா, கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். சம்பளத்தைவிட அந்தக் கூப்பிடுதல்தான் அவளுக்குப் பெரிது.

அப்படிப்பட்ட இஸ்திரிப் பிரிவை நிர்வாகம் இழுத்து மூடியது. துணியை ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழுகிற மெஷின் ஒன்று வந்துவிட்டது. பிரிவில் இருந்தவர்களுக்கு ஒரு தொகையும் ஒரு ஃபாரமும் கொடுத்தார்கள். பேக்கிங் பிரிவில் சேரச் சம்மதமா, இல்லையா. இல்லையென்றால் காரணம் என்ன. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷத்துக்கு நகர முடியாது.

பேக்கிங் வேலை கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய கட்டடத்திலேயே போய், பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. கைக்கு வந்த தொகை ஒரே ஒரு தடவை மெஷின் வாங்கத்தான் காணும். சரியாக வாங்கினால் சொந்தத் தொழில். தப்பாக வாங்கினால் டேப்தான்.

என்ன தொழில் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு தேய்க்க வந்த விளையாட்டுச் சட்டைகளில் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தாள். கண்ணுக்கு நம்பர் தெரிந்தது; விரலால் தடவினால் நம்பர் இல்லை. ஒட்டியிருந்தால் விளிம்பு தட்டும், மேலே பூசியிருந்தால் தடிக்கும். இது துணியோடு துணியாக இருந்தது.

"அது சப்ளிமேஷன்மா," என்றார் கட்டிங் மாஸ்டர். "பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, பாலியஸ்டர் துணி மேல வச்சு, நல்ல சூட்டுல அழுத்துவாங்க. இங்க் ஆவியாகி நூலுக்குள்ள போயிடும். அப்புறம் துணி கிழிஞ்சாத்தான் நம்பர் போகும்."

சூட்டில் அழுத்துவது என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் முடிவு பண்ணிவிட்டாள். அதன்பிறகு பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், அடுப்படியில் என்று செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, சப்ளிமேஷன் பற்றி அவளுக்குத் தெரியாதது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அந்தக் கொஞ்சம் பிறகு வந்து அவளைப் படுத்தியது வேறு விஷயம்.

அவளுடைய கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மனைவி சூடு, புருஷன் குளிர், அதனால்தான் குடும்பம் மிதமாக ஓடுகிறது என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள். வாயைத் திறந்தால் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அந்த மனுஷர் ஒரு பெண்கள் வாலிபால் அணியின் கோச் வீட்டில் ஃபிரிட்ஜ் பார்க்கப் போனவர், திரும்பி வரும்போது ஆர்டரோடு வந்து நின்றார்.

"அவங்களுக்குப் பன்னெண்டு சட்டைக்கு நம்பர் போடணுமாம். ஐம்பதுக்குக் கொறஞ்சா எந்தக் கடையிலயும் எடுக்க மாட்டேங்கறாங்களாம். எங்க வீட்டுல செய்வாங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க, மெஷின் இன்னும் கடையில இருக்குங்க!"

"வாங்கிடலாம்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

போட்டி மூன்று வாரம் கழித்து சனிக்கிழமை. ஃபாரம் கொடுக்க வேண்டிய கடைசித் திங்கள் அதற்கு இரண்டாவது நாள். அவள் காலண்டரில் நாளை எண்ணினாள், பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போக அரை நாள்கூட ஆகவில்லை. வரும்போதே ஒரு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய வீட்டுக்காரர் ஆபீஸில் கழித்துப் போட்டது.

"எதுக்குக் காசைக் கரியாக்கற? இது சும்மா கிடக்கு. இதுல இங்க்கை ஊத்தி ஓட்டு."

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள், மாடல் நம்பரைச் செல்போனில் தட்டினாள். "அண்ணி, இந்த பிரிண்டர் உள்ளுக்குள்ள இங்க்கைச் சூடு பண்ணித்தான் பேப்பர்ல தெளிக்குது. நம்ம இங்க்குக்கு பிரஸ் அடியில வர்ற வரைக்கும் சூடே படக்கூடாது. இதுல ஊத்தினா அடைச்சுக்கும். சூடு இல்லாம தள்ளுற பிரிண்டர்தான் வேணும்."

"சும்மா குடுக்கறதைக்கூட வேண்டாம்னு சொல்ற அளவுக்கு ஆயிடுச்சா?" நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிரிண்டரைத் தூக்கினார். தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனார். பிரிண்டரும் கனம், வார்த்தையும் கனம். அடுத்த வாரமே அவள் சரியான பிரிண்டரை வாங்கி முன்னறையில் வைத்தபோது, "காசு இருக்கறவங்க செய்யறாங்க" என்று மட்டும் சொன்னார்.

பிரிண்டர் சின்ன விஷயம். தொழிலின் உயிர், சூட்டில் வைத்து அழுத்துகிற ஹீட் பிரஸ்ஸில் இருந்தது. அதை வாங்க ஒரு முற்பகலில் இருவரும் போனார்கள். அவள் பையில் வெள்ளை பாலியஸ்டர் துண்டுகள் ஒரு கட்டு இருந்தன. கடையில் டை கட்டிய விற்பனையாளர் வரவேற்றார். "வாங்க மேடம்" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மெஷினைப் பற்றிய பேச்சை எல்லாம் கணவரைப் பார்த்தே பேசினார்.

"சார், இது எய்ட் இன் ஒன். கப் போடலாம், தட்டு போடலாம், தொப்பி போடலாம், டி-ஷர்ட் போடலாம். ஒரே மெஷின், எட்டுத் தொழில் சார்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார் கணவர்.

அவள் அந்த எட்டுத் தொழில் மெஷினின் தட்டை ஜாண் போட்டு அளந்தாள். நீளத்தில் ஒன்றரை ஜாண் வந்தது. "முதுகுல பேரும் நம்பரும் வரணும்னா இந்தத் தட்டு பத்தாது. ரெண்டு தடவை அழுத்தணும். ரெண்டு தடவை அழுத்தினா நடுவுல கோடு விழும். இதைச் சூடு பண்ணுங்க, பாக்கலாம்."

விற்பனையாளர் சுவிட்சைத் தட்டினார். எண்கள் ஏறி இருநூறில் நின்றன. அவள் உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். விற்பனையாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இந்த முன்பக்க மூலையில சூடு இல்ல," என்றாள்.

"மேடம், டிஸ்ப்ளேல டூ ஹண்ட்ரட் காட்டுது பாருங்க."

"டிஸ்ப்ளேல இருக்கு. மூலையில இல்ல."

கணவர் முன்னே வந்தார். ஃபிரிட்ஜ் வேலைக்கு வைத்திருக்கிற, துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பையிலிருந்து எடுத்தார். நடுவில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவள் காட்டிய மூலையில் நூற்று அறுபத்தொன்பது. விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாவது மெஷினில் மேல்தட்டு முதலை வாய்போல மூடியது. பின்பக்கம் முதலில் அழுந்தி முன்பக்கம் பிறகு தொட்டது. காலர் வைத்த சட்டையை வைத்தால் அழுத்தம் ஒரே மாதிரி விழாது என்று தள்ளினாள். மூன்றாவதில் நடுவில் சூடு தளும்பியது, ஓரமெல்லாம் ஜில். கடைக்காரப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்குக் கால் வலித்தது. ஆனால் பத்தொன்பது வருஷம் நின்ற கால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் உள்ளறையில் ஒரு மெஷின் கண்ணில் பட்டது. பளபளப்பு இல்லை, ஸ்டிக்கர் இல்லை. கனத்த இரும்பு, பெரிய தட்டையான பலகை ஒன்று, பக்கவாட்டில் திருப்பிவிட்டு நேராக இறக்கி அழுத்துகிற கைப்பிடி.

"அது என்ன?"

"அது விக்கறதுக்கு இல்ல மேடம். எங்க ஆர்டருக்கு நாங்க வேலை செய்யற மெஷின்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு விக்கறதுக்கு ஒண்ணு, நீங்க வேலை செய்யறதுக்கு ஒண்ணா? நானும் வேலைதாங்க செய்யப் போறேன். அதே மெஷின் புதுசு இருந்தா எடுங்க."

கிடங்கில் ஒன்று இருந்தது. பெட்டியைப் பிரித்து, சூடேற்றி, கையைச் சுற்றிக் காட்டி, தட்டு முழுவதும் கருநீலம் அச்சடித்த காகிதம் வைத்துத் தன் வெள்ளைத் துண்டை அழுத்திப் பார்த்தாள். காகிதத்தை உரித்தபோது நான்கு மூலையும் நடுவும் ஒரே கருநீலம். கப் போட முடியாது, தொப்பி போட முடியாது. பரவாயில்லை, அவளுக்கு எட்டுத் தொழில் வேண்டாம், ஒரு தொழில் போதும்.

மெஷின் முன்னறைக்கு வந்தது. அந்தக் கனத்தைத் தாங்கப் பழைய தையல் மேஜையைக் கழித்துவிட்டு இரும்பு மேஜை போட்டார்கள். கணவர் மீட்டர் பெட்டியிலிருந்து அதற்கென்றே தனி லைன் இழுத்தார். போட்டி நடக்கிற வாரத்தின் திங்கட்கிழமை காலையில், சுத்தமாகக் குளித்துவிட்டு, பிரிண்டரில் ஒரு பூப்படம் எடுத்து, வெள்ளைத் துண்டின் மேல் வைத்து அழுத்தினாள். நேரம் முடிந்தது. காகிதத்தை உரித்தாள்.

பூ இருந்தது. பூவுக்குள் அம்மைத் தழும்பு மாதிரி வெளிறிய புள்ளிகளும் இருந்தன.

சூட்டைக் கூட்டினாள், புள்ளி. குறைத்தாள், புள்ளி. அழுத்தத்தை மாற்றினாள், வேறு காகிதம் வைத்தாள், பிரிண்டரின் தலையைச் சுத்தம் செய்தாள். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. துண்டுகள் தீர்ந்து, கணவர் இன்னொரு கட்டு வாங்கி வந்தார். கடைக்குப் போன் போட்டால், அடுத்த வாரம்தான் ஆள் அனுப்ப முடியும் என்றார்கள். புதன் சாயங்காலம் கோச் வந்து பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். "பன்னெண்டுதாம்மா இருக்கு, எக்ஸ்ட்ரா கிடையாது. பாத்துக்கங்க," என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வியாழன் காலை நாத்தனார் வந்து, தரையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"கடையில ஒரு மெஷினைக் காட்டிட்டு வேற மெஷினை ஏத்திவிட்டுட்டான். நான் சொன்னா யாரு கேக்கறா? இங்க பாரும்மா, அந்த ஃபாரத்துல சம்மதம்னு எழுதிக் குடுத்துடு. தெரிஞ்ச இடம், தெரிஞ்ச மனுஷங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததைவிட நாத்தனார் முன்னால் வந்ததுதான் அதிகம் வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது செய்யவேண்டுமே என்று துண்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். அப்படிப் பரப்பியபோதுதான் பார்த்தாள். புள்ளிகள் கண்டபடி விழவில்லை. எல்லாத் துண்டிலும் இடது ஓரத்தில் நெருக்கமாகத் தொடங்கி, வலது பக்கம் போகப்போக விசிறியாய் விரிந்திருந்தன. மெஷினில் கோளாறு என்றால் ஒரே இடத்தில் வரும். இங்கே ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறியது, ஆனால் எல்லாம் ஒரே வீச்சு.

அந்த வீச்சை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல் நுனிகள் ஈரமாக இருந்தன.

பிரஸ்ஸுக்கு இடது பக்கம், கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. அவள்தான் திங்கட்கிழமை வைத்திருக்கிறாள், வைத்தது நினைவில்லை. துணியை விரி, விரலை நனை, உதறு, தேய். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை லட்சம் தடவையோ. புத்திக்குத் தெரியாமல் கை தன் பாட்டுக்கு மெஷினில் வைத்த துணி மேலும் தண்ணீரைத் தெளித்திருக்கிறது. இஸ்திரிக்கு ஈரம் நண்பன். சப்ளிமேஷனுக்கு ஈரம் ஜென்ம விரோதி. ஈரம் ஆவியாகிற இடத்தில் மை ஒழுங்காக இறங்காது.

"ஏங்க! இந்தக் கிண்ணம் நாலு நாளா இங்கேயேவா இருக்கு? தண்ணி எப்படிங்க தீராம இருக்கு?"

கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தெனமும் காலையில நான்தான் ரொப்பி வைக்கறேன். மெஷினுக்கு வேணும்போலன்னு நெனச்சேன்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. கணவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். நாத்தனார் மட்டும், "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துப் போய்த் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு வந்தார்.

இனிமேல் கையை நம்புவதற்கில்லை என்று, இடது கைக்கு மட்டும் ஒரு கையுறை மாட்டிக்கொண்டாள். துணியை முதலில் வெறுமனே சில நொடி அழுத்தி உள்ளே இருக்கிற ஈரத்தையும் விரட்டினாள். பிறகு காகிதம் வைத்து அழுத்தினாள். உரித்தபோது பூ பளிச்சென்று இருந்தது, ஒரு புள்ளி இல்லை. இன்னொன்று எடுத்தாள். அதுவும். பத்துத் துண்டு எடுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு நிதானமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கோச் வந்தபோது, அச்சடித்த காகிதங்கள் மேஜையில் கிடந்தன. எடுத்துப் பார்த்தவர் முகம் செத்துவிட்டது.

"என்னம்மா, இவ்வளவு மங்கலா இருக்கு? நம்பரெல்லாம் வேற இடம் வலமா இருக்கே! நாளைக்கு மேட்ச்சும்மா!"

"கொஞ்சம் உக்காருங்க மேடம்."

முதல் சட்டையை விரித்தாள். கெட்டுப்போனால் அதற்கு மாற்று கிடையாது. சூட்டைக் கையால் ஒரு சுற்றுப் பார்த்தாள். வெறும் அழுத்தம், லேசாக ஆவி போயிற்று. காகிதத்தைக் கவிழ்த்து, நகராதபடி டேப் ஒட்டினாள். கைப்பிடியை இறக்கினாள். ஐம்பது விநாடி. கோச் நகத்தைக் கடித்தார். நாத்தனார், யாரும் கூப்பிடாமலே வந்தவர், மெஷின் எண்ணுவதற்குப் போட்டியாக வாய்விட்டு எண்ணினார்.

கைப்பிடியைத் தூக்கி, காகிதத்தை ஒரே இழுப்பில் உரித்தாள்.

ஏழாம் நம்பர். காகிதத்தில் சோகையாகக் கிடந்த சிவப்பு, துணியில் ரத்தச் சிவப்பாக எழுந்து நின்றது. நேராக, விளிம்பு சீவினாற்போல. கோச் விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் தட்டவில்லை. மறுபடி தடவினார்.

"அம்மாடி," என்றார்.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் முடிந்தன. ஒன்றுகூடப் பழுதில்லை. கடைசிச் சட்டையை மடித்து வைத்தபோது, தொழிற்சாலையில் அத்தனை வருஷம் வாங்கிய பாராட்டெல்லாம் சேர்ந்தாலும் இந்த மத்தியானத்துக்கு ஈடாகாது என்று அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மைதானத்துக்கு நாத்தனாரோடு சேர்த்து மூவரும் போனார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், அணி தோற்றது. சும்மா தோற்கவில்லை, வரிசையாக மூன்று செட்டும் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியைப் போல அழகாக உடுத்திய தோல்வியை அந்த மைதானம் கண்டிருக்காது. வெயிலில் குதித்து, தரையில் விழுந்து புரண்டு, வியர்வையில் நனைந்தும் பன்னிரண்டு நம்பரும் முறுக்கு குலையாமல் நின்றன. ஜெயித்தவர்களின் முதுகில் ஒட்டிய நம்பர்கள் மூலைக்கு மூலை உரிந்து தொங்கின. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களுடைய கோச் இந்தப் பக்கம் நடந்து வந்தார்.

"இந்தச் சட்டை எங்க போட்டது?"

சூட்டுக்கை வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் போய் நின்றுவிட்டார். "எங்க வீட்டுலதாங்க. எங்க தம்பி பொண்டாட்டிதான். மெஷினை அவளே தேடிப் பாத்து வாங்கினா. பன்னெண்டுன்னாலும் செய்வா, ஒண்ணுன்னாலும் செய்வா. கடையில போய் ஏமாறாதீங்க."

கணவர் அவளைப் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்தாள். மைதானத்தை விட்டு வெளியே வரும்போது நான்கு அணிகளின் கோச்சுகள் போன் நம்பர் வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் தொழிற்சாலைக்குப் போனாள். பணியாளர் பிரிவில் ஃபாரம் வாங்குகிறவர் எப்போதும்போல் தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினார். அவருக்கு முன்னால் ஒரு அடுக்கு இருந்தது. பெரும்பாலும் சம்மதம். சம்மதமில்லாத சிலரும் உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருந்தார்கள்.

அவளுடையதை வாங்கிப் படித்தவர், முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். சம்மதமில்லை என்பதற்கு நேரே, காரணம் என்ற இடத்தில், ஒரே ஒரு வார்த்தை இருந்தது. நேரமில்லை.

"என்னம்மா இது? நேரமில்லைன்னா என்ன அர்த்தம்?"

"நேரமில்லைன்னுதான் அர்த்தம் சார். நாப்பத்தெட்டு சட்டை இருக்கு, வியாழக்கிழமைக்குள்ள குடுக்கணும். கொஞ்சம் சீக்கிரமா சீல் குத்திக் குடுங்க."

அவர் சீல் குத்தினார். வெளியே கணவர் ஸ்கூட்டரை அணைக்காமலே நின்றிருந்தார்.